அடித்தவர் கையெழுத்து எங்கே?

என் கல்லூரித் தோழி ஒருத்திக்குக் கண் பார்வை கிடையாது. கணினியைக் காதால்தான் படிப்பாள். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் எட்டு வருட அனுபவம். சென்ற வருடம் ஒரு நிறுவனத்தில் இரண்டு சுற்று நேர்காணல் முடித்திருந்தாள். மூன்றாவது சுற்றுக்கான விவரத்தை ஒரு வேர்ட் கோப்பாக அனுப்பியிருந்தார்கள். அதில் நாள் முதலில் ஜூலை 18 என்று இருந்திருக்கிறது. பிறகு யாரோ அதை 16 என்று மாற்றியிருக்கிறார்கள். மாற்றியவர் பழைய தேதியை அழிக்கவில்லை. அதன் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, பக்கத்திலேயே புதிய தேதியை எழுதிவிட்டார். கண்ணால் பார்ப்பவருக்கு ஒரு நொடி வேலை. அவளுடைய ஸ்க்ரீன் ரீடர் படித்தது இப்படி: "நேர்காணல் நாள், ஜூலை 18 ஜூலை 16, காலை 10 மணி."

இரண்டு நாள் கொடுத்திருக்கிறார்கள், வசதியானதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். சந்தேகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டாள். பதில் அனுப்ப முடியாத முகவரி அது. சரி, முதலில் சொன்ன நாளையே வைத்துக்கொள்வோம் என்று 18-க்குத் தயாரானாள். 17-ஆம் தேதி காலையில் "நீங்கள் கலந்துகொள்ளாத காரணத்தால்" என்று தொடங்கும் கடிதம் வந்தது.

இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "பதினெட்டு மேல கோடு போட்டிருந்தாங்களாம்டா. கோடு எனக்கு எப்படிக் கேக்கும்?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம்தான் நானே ஒரு ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட்டில் பத்துப் பதினைந்து வரிகளை அப்படிக் கோடு போட்டு என் குழுவுக்கு அனுப்பியிருந்தேன். கோடு போடும்போது நாகரிகமாக நடந்துகொள்வதாக வேறு ஒரு நினைப்பு எனக்கு. அடுத்தவர் எழுதியதை அழிக்காமல் விட்டுவைக்கிறேனாம்.

இந்தக் கட்டுரை அந்தக் கோட்டைப் பற்றியது. ஸ்ட்ரைக்த்ரூ என்ற பெயரில் வேர்டிலும் கூகுள் டாக்ஸிலும் இன்னும் எல்லாவற்றிலும் இருக்கிற அந்தப் பொத்தானைப் பற்றியது. ஆவணங்களில் அதை நாம் தொடவே கூடாது என்பது என் கட்சி. நீக்க வேண்டுமென்றால் நீக்குங்கள். நீக்கியது நாலு பேருக்குத் தெரிய வேண்டுமென்றால், யார் நீக்கினார், எப்போது நீக்கினார் என்பதும் சேர்ந்தே தெரியட்டும். இந்த இரண்டும் செய்யத் துணிவில்லாதவர்கள் போடுவதுதான் நடுக்கோடு. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன் என்பதால் இதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

முதலில் அந்தப் பொத்தான் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அடிக்கோடு, அதற்கு அடுத்து நடுக்கோடு. நால்வரும் ஒரே திண்ணையில். ஆனால் முதல் மூன்றும் ஒரு குடும்பம், நான்காவது வேறு ஊர். ஒரு சொல்லைத் தடிப்பாக்கினால் அதன் அழுத்தம் மாறும், பொருள் அப்படியேதான் இருக்கும். "வாடகை 12,000 ரூபாய்" என்பதை எவ்வளவு தடிப்பாக்கினாலும் வாடகை 12,000 ரூபாய்தான். அதன் மேல் ஒரு கோடு விழுந்தால் வாடகை 12,000 இல்லை. உண்டு என்பதை இல்லை ஆக்குகிற ஒரு குறியை அலங்காரச் சாமான்களோடு ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம். மற்ற எல்லாக் கோளாறும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வேர்டில் தடிப்புக்கும் சாய்வுக்கும் அடிக்கோட்டுக்கும் கன்ட்ரோலோடு ஒரு எழுத்தை அழுத்தினால் போதும். நடுக்கோட்டுக்கு அப்படி நேர்வழி கிடையாது. கன்ட்ரோல் + டி அழுத்தி, வரும் பெட்டியில் ஆல்ட் + கே அழுத்த வேண்டும். கூகுள் டாக்ஸில் ஆல்ட் + ஷிஃப்ட் + 5. "இவ்வளவு பெரிய கம்பெனிக்கு இது ஒன்று வைக்கத் தெரியாதா" என்று பல பேர் புலம்பிக் கேட்டிருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே செய்ததோ என்னவோ, அந்தச் சின்ன இடைஞ்சலுக்கு நான் நன்றி சொல்வேன்.

கோப்புக்குள் நடப்பதைப் பார்த்தால் இன்னும் தெளிவாகிவிடும். டாக்ஸ் என்று முடிகிற வேர்ட் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. பெயரின் கடைசியில் ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். நீங்கள் எழுதியதெல்லாம் அதில் ஒன்றில், குறிகளுக்கு நடுவே. ஒரு சொல்லுக்கு நடுக்கோடு போட்டால் அந்தச் சொல்லின் தோற்றப் பண்புகளில் 'ஸ்ட்ரைக்' என்று ஒரு வார்த்தை சேரும். சொல் இருக்கிற இடம் மாறாது. உயிரோடு இருக்கிற மற்ற சொற்கள் எந்தக் குறிக்குள் இருக்கின்றனவோ அதே குறிக்குள்தான் இதுவும் இருக்கும். யார் போட்டார், எப்போது போட்டார், எதுவும் இல்லை. அதே சொல்லை 'டிராக் சேஞ்சஸ்' போட்டுவிட்டு நீக்கிப் பாருங்கள். சொல்லைச் சுற்றி 'டெல்' என்று ஒரு வேலி எழும். வேலியிலேயே நீக்கியவர் பெயரும் தேதியும் நேரமும் பொறிக்கப்பட்டிருக்கும். உள்ளே சொல்லைத் தாங்குகிற குறியின் பெயரே மாறி 'டெல்டெக்ஸ்ட்' ஆகிவிடும். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். உள்ளே ஒன்று இறப்புப் பதிவேட்டில் ஏறிய பெயர். மற்றது பிண வேஷம் கட்டிய ஆள்.

வேஷம் கட்டிய ஆள் எழுந்து நடப்பதை நான் நேரில் பார்த்தேன். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு வேலையில், ஆயிரக்கணக்கான ஒப்பந்தக் கோப்புகளிலிருந்து வரிகளை எடுத்துத் தேடலுக்கு ஏற்றும் ஒரு நிரலை எழுதினேன். பைதான்-டாக்ஸ் என்ற நூலகம். ஒரு பத்தியின் உரையைக் கேட்டால் கொடுக்கும். டிராக் சேஞ்சஸில் நீக்கிய சொற்கள் அதில் வராது. நடுக்கோடு போட்ட சொற்கள் ஜம்மென்று வரும், கோடு இல்லாமல். எழுத்துத் துண்டு ஒவ்வொன்றையும் தனியே பிடித்து "உன் மேல் கோடு இருக்கிறதா" என்று கேட்டால்தான் தெரியும். நான் கேட்கவில்லை. யோசிக்கவே இல்லை. இரு தரப்பும் பேசிப்பேசி அடித்துப் போட்ட ஒரு அபராதத் தொகை தேடலில் முதல் முடிவாக வந்து நின்றது. மூன்றாவது நாள் ஒரு அனுபவசாலி கண்டுபிடித்தார், பெரிய சேதம் இல்லை. அவர் என்னிடம் கோபப்படவில்லை. "கோட்டை எங்கப்பா விட்டுட்டு வந்தே?" என்று மட்டும் கேட்டார்.

நிரல் என்று இல்லை. நடுக்கோடு போட்ட வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். கோடு போய்விடும், வரி நிற்கும். கன்ட்ரோல் + எஃப் போட்டுத் தேடுங்கள், அடித்த சொல்லும் கிடைக்கும். வேர்டின் சொல் எண்ணிக்கையில் அதுவும் கணக்கில் இருக்கும். கணினியைப் பொறுத்தவரை நீங்கள் எதையும் அடிக்கவில்லை. இதற்கு ஒரு பங்காளி உண்டு, கறுப்புப் பட்டை. 2019 ஜனவரியில் அமெரிக்காவில் பால் மேனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில் சில வரிகளைக் கறுப்பால் மறைத்திருந்தார்கள். பத்திரிகையாளர்கள் அவற்றை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினார்கள். முழுசாக வந்து விழுந்தது. சட்டம் படித்தவர்களே மையை அழிப்பு என்று நம்பியிருக்கிறார்கள்.

இப்போது என் தோழியின் ஸ்க்ரீன் ரீடருக்கு வருகிறேன். அவள் பயன்படுத்துவது என்விடிஏ. கண் பார்வையற்ற ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய இலவச மென்பொருள். அதன் அமைப்புகளில், எழுத்தின் தோற்றப் பண்புகளைச் சொல்வது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். டிராக் சேஞ்சஸில் சேர்த்தது, நீக்கியது ஆகியவற்றைச் சொல்வது இயல்பாகவே இயங்கும். இந்த முடிவில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பத்துப் பக்க ஆவணத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் "தடிப்பு, தடிப்பு முடிந்தது, சாய்வு, சாய்வு முடிந்தது" என்று காதில் ஓதினால் எவருக்கும் தலை வெடித்துவிடும். தோற்றத்தை விட்டுவிடு, பொருளைச் சொல் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். நாம்தான் பொருளைத் தோற்றத்துக்குள் ஒளித்துவைத்தோம். அந்த நேர்காணல் தேதியை மாற்றியவர் டிராக் சேஞ்சஸில் மாற்றியிருந்தால் 18 நீக்கப்பட்டது என்று அவளுக்குக் கேட்டிருக்கும். சும்மா அழித்துவிட்டு 16 என்று எழுதியிருந்தால் 16 மட்டும் கேட்டிருக்கும். இருந்த வழிகளிலேயே அவளுக்குக் கேடு செய்யக்கூடிய ஒரே வழியை ஒருவர், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், தேர்ந்தெடுத்தார்.

வலைக்காரர்களுக்கு இந்த வேறுபாடு சீக்கிரமே உறைத்துவிட்டது. 1997 ஜனவரியில் வந்த ஹெச்டிஎம்எல் 3.2-இல் 'ஸ்ட்ரைக்' என்ற குறி இருந்தது, வெறும் கோடு. அதே வருடம் டிசம்பரில் வந்த 4.0 அதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டு, 'டெல்' என்ற குறியைக் கொண்டுவந்தது. எப்போது நீக்கப்பட்டது, ஏன் நீக்கப்பட்டது என்ற விளக்கம் எங்கே இருக்கிறது, இரண்டையும் அந்தக் குறியிலேயே எழுதலாம். ஒரே வருடத்தில் திருந்தினார்கள். வேர்ட் செயலிகளிலும் சரியான கருவி எப்போதோ வந்துவிட்டது. ஆனால் பக்கத்திலேயே அந்தப் பழைய கோடும் இருக்கிறது, நமக்கும் அதுதான் கைக்கு வருகிறது.

கையால் அடிப்பதற்கு நான் எதிரியா? இல்லவே இல்லை. அடித்தல் என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியப்பா. அவர் பத்திர எழுத்தர். எங்கள் ஊர் ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரில், வேப்பமரத்தடியில், ஒரு சாய்வு மேஜை, இரண்டு பெஞ்சு, ஒரு மண்பானை. கோடை விடுமுறையில் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். முத்திரைத்தாளில் அவர் எழுதுவதைப் பார்க்க ஆசையாக இருக்கும். வேகமாக எழுதுவார், பிழை அபூர்வம். ஆனால் எழுதுகிற எல்லோருக்கும் பிழை வரும். செக்குபந்தி எழுதும்போது ஒருநாள் கிழக்கு என்று எழுத வேண்டிய இடத்தில் மேற்கு என்று எழுதிவிட்டார். நான் அப்போது எட்டாம் வகுப்பு. என் பையிலிருந்து ஒயிட்னரை எடுத்து நீட்டினேன், பெரிய உதவி செய்வதுபோல. அவர் அதை வாங்கி மேஜைக்குக் கீழே வைத்துவிட்டார். "வெள்ளை பூசுனா அடியில என்ன இருந்துச்சுன்னு ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவான். கோடு போட்டா ஒரே கதைதான்டா தம்பி."

பிறகு செய்தார் பாருங்கள், அதுதான் அடித்தல். மேற்கு என்ற சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் உள்ள சொல் படிக்கும்படியாக. மேலே கிழக்கு. பக்கத்தில் எழுதிக்கொடுப்பவரைக் கூப்பிட்டு ஒரு சின்னக் கையொப்பம். பத்திரத்தின் முடிவில், இத்தனையாம் பக்கம் இத்தனையாம் வரியில் இந்தச் சொல் அடித்தல், இந்தச் சொல் திருத்தல் என்று எண்ணி ஒரு குறிப்பு. ஒன்றுமே இல்லையென்றால் அடித்தல் திருத்தல் இல்லை என்று அதையும் எழுதுவார். அந்த இரட்டைச் சொல்லை நான் முதலில் கேட்டது அங்கேதான். ஏதோ சாமி பெயர்போல அதை ஒரு மூச்சில் சொல்வார்.

இது அவருடைய தனிப்பட்ட சுத்தம் என்று நீண்ட நாள் நினைத்திருந்தேன். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவை வெகுநாள் கழித்துப் படித்தேன். வரிகளுக்கிடையே செருகல், வெற்றிடம், அழிப்பு, மாற்றம் இவற்றில் ஏதாவது ஒரு பத்திரத்தில் இருந்து, எழுதிக்கொடுத்தவர்கள் அந்த இடத்தில் கையொப்பமோ சுருக்கொப்பமோ இடவில்லை என்றால், பதிவு அலுவலர் அதை ஏற்க மறுக்கலாம். ஏற்றுப் பதிவு செய்தால், அந்த மாற்றங்களைத் தன் பதிவேட்டிலும் குறித்தாக வேண்டும். ஒரு கோட்டுக்கு இரண்டு சாட்சி. நூறு வருடத்துக்கு முந்தைய எழுத்தர்கள் டிராக் சேஞ்சஸைத்தான் மையிலும் காகிதத்திலும் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். நாம் கணினிக்கு வந்தபோது கோட்டை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தோம். சாட்சிகள் மரத்தடியிலேயே நின்றுவிட்டார்கள்.

கணக்குப் புத்தகத்திலும் இதே கதை. மருத்துவமனைக் குறிப்பேட்டிலும் ஆய்வுக்கூட நோட்டிலும் பிழையின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, சுருக்கொப்பமும் தேதியும் இடச் சொல்லித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். இந்தியாவில் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதியோடு தடம் வைத்திருக்க வேண்டும், அந்த வசதியை யாரும் அணைக்க முடியக்கூடாது என்பது 2023 ஏப்ரல் 1-இல் தொடங்கிய நிதியாண்டிலிருந்து கட்டாயம். பணம் என்று வந்தால் நமக்கு அறிவு வந்துவிடுகிறது.

தாமஸ் ஜெஃபர்சனின் கதை இதில் எனக்குப் பிடித்தமானது. 1776-இல் அவர் எழுதிய அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் முதல் வரைவில் ஏகப்பட்ட அடித்தல் திருத்தல். ஒரு சொல்லை மட்டும் அவர் அடிக்கவில்லை. ஈர மையிலேயே தேய்த்து அழித்து, அதன் மேல் 'குடிமக்கள்' என்று எழுதினார். அடியில் என்ன இருந்தது? 2010-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தார் பல அலைநீள ஒளிப்படக் கருவியை வைத்துப் பார்த்துச் சொன்னார்கள்: 'பிரஜைகள்', அதாவது மன்னரின் கீழிருப்பவர்கள். பழக்கதோஷத்தில் கை எழுதிவிட்டது. மற்ற தவறுகளையெல்லாம் கோடு போட்டுக் காட்டியவர் இந்த ஒன்றை ஒருவரும் பார்க்கக்கூடாது என்று தேய்த்திருக்கிறார். அதே வரைவில் அடிமை வணிகத்துக்காக இங்கிலாந்து மன்னரைக் குற்றம் சாட்டும் ஒரு பத்தி இருந்தது. மாநாட்டில் அதை வெட்டிவிட்டார்கள். ஜெஃபர்சன் அதை மறக்கவில்லை. 1821-இல், 77 வயதில், தன் வரலாறு எழுதும்போது பிரகடனத்தை முழுதாகக் கொடுத்து, வெட்டப்பட்ட பகுதிகளை அடிக்கோடிட்டுக் காட்டி, தென் கரோலினாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் இணங்கி அதை எடுத்தார்கள் என்று பெயரையும் சொல்லிவிட்டார். அவரே வாழ்நாளெல்லாம் அடிமைகளை வைத்திருந்தவர், அதனால் அவரை உத்தமராக்க நான் வரவில்லை. ஆனால் அடித்தது யார் என்று எழுதிவைத்ததால்தான் இன்று நாம் அவரையும் சேர்த்தே கேள்வி கேட்க முடிகிறது.

இனி நம் இலக்கிய நண்பர்கள். உங்களைத் திட்டத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

முகநூல் காலத்து எழுத்தில் ஒரு வித்தை பழகிவிட்டது. 'அறிவுஜீவி' என்று எழுதி அதன் மேல் கோடு போட்டு, பக்கத்தில் 'எழுத்தாளர்' என்று போடுவது. 'காதலி'யை அடித்து 'தோழி'. சொல்ல நினைத்ததைச் சொல்லவும் வேண்டும், சொல்லவில்லை என்று கையை விரிக்கவும் வேண்டும். ஒரு தடவை சிரிப்பு வரும். முந்நூறாவது தடவை, அந்த ஆள் எந்தச் சொல்லின் பக்கமும் நிற்கமாட்டார் என்று தெரிந்துபோகும். வசைபாடிவிட்டு "சும்மா தமாஷுக்கு" என்கிற மாமாக்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதையே எழுத்துருவில் செய்தால் நவீனத்துவமா?

முகநூலிலும் எக்ஸிலும் பொத்தான் இல்லாததால் சிலர் யூனிகோடில் ஒரு தில்லுமுல்லு செய்வார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஒரு மேலிடு கோட்டைச் செருகுவது. ஆங்கிலத்துக்கு ஒப்பேறும். தமிழில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் நடுவே அந்தக் கோடு புகுந்து, பல இடங்களில் கொம்பும் காலும் பிய்ந்து புள்ளி வட்டமாக வந்து நிற்கும். ஒழுங்கான நடுக்கோடு போட்டால்கூட ஒற்றெழுத்தின் புள்ளி மட்டும் கோட்டுக்கு மேலே தப்பி நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வெள்ளத்தில் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் ஞாபகம் வரும். விஷயத்துக்கு வருவோம்.

உடனே தெரிதா வருவார். எனக்குத் தெரியும். ஹைடெக்கர் 1955-இல் 'இருப்பு' என்ற சொல்லின் மேல் பெருக்கல் குறி போட்டார். தெரிதா 1967-இல் வந்த இலக்கணவியல் நூலில் அதை எடுத்து ஒரு முறையாகவே வளர்த்தார். சொல் போதாது, ஆனால் அது இல்லாமலும் முடியாது, எனவே எழுதி அடித்து இரண்டையும் விட்டுவைப்பது. கட்டுடைப்பு பற்றி நம் சிற்றிதழ்களில் வந்ததையெல்லாம் நானும் கல்லூரி விடுதியில் பாதி புரிந்து பாதி புரியாமல் படித்தவன்தான். ஆனால் அவர்கள் இருவரும் அச்சடித்த காகிதத்தில் அடித்தார்கள். அந்தக் குறி புத்தகத்தோடு ஒட்டியிருக்கிறது. யார் அடித்தார் என்று அட்டையில் பெயர் இருக்கிறது, ஏன் அடித்தேன் என்று பக்கம் பக்கமாக எழுதியும் இருக்கிறார்கள். உங்கள் கோடு நகலெடுத்து ஒட்டினால் உதிர்ந்துவிடும். அப்புறம் மிஞ்சுவது 'அறிவுஜீவி எழுத்தாளர்', நீங்கள் மனதார எழுதியதுபோல.

தாகூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1924-இல் புவனோஸ் அய்ரிஸ் அருகே விக்டோரியா ஒகாம்போவின் விருந்தினராக இருந்தபோது 'பூரபி' கவிதைகளை எழுதிக்கொண்டிருந்தார். நோட்டுப் புத்தகத்தில் அடித்த சொற்களை அப்படியே விட அவருக்கு மனசு வரவில்லை. அடித்தல்களை ஒன்றோடொன்று கோடிழுத்து இணைப்பார். அவற்றிலிருந்து பறவையும் மிருகமும் முகமும் முளைக்கும். ஒகாம்போ அந்த நோட்டைப் பார்த்து வியந்தார். ஆறு வருடம் கழித்து பாரிஸில் நடந்த தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சிக்கு முன்னின்றவரும் அவரே. அறுபது வயதுக்கு மேல் ஒருவர் ஓவியரானது அடித்தல்களின் வழியாக. அந்தக் கோடுகளில் ஒரு கையின் அழுத்தமும் தயக்கமும் இருக்கிறது. வேர்டின் நடுக்கோடு எந்த உயரத்தில், எந்தப் பருமனில் விழ வேண்டும் என்பது எழுத்துருக் கோப்பின் ஒரு அட்டவணையில் இரண்டு எண்களாக எழுதியிருக்கிறது. என் கோட்டுக்கும் உங்கள் கோட்டுக்கும் வித்தியாசமே கிடையாது. அதை வைத்துக்கொண்டு தழும்பு, காயம் என்று கவிதை எழுதுகிறார்கள்.

நடுக்கோட்டை மெய்யாகவே புரிந்துகொண்டவர்கள் கடைக்காரர்கள்தான். 1,999-ஐ அடித்து 499. அந்த 1,999-க்கு யாராவது எப்போதாவது விற்றார்களா என்று யாரும் கேட்பதில்லை. தேதியும் பெயரும் இல்லாத கோட்டின் பயன் இதுதான்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை மறைப்பது நேர்மையில்லை. வலைப்பூ காலத்தில், 2000-களில், நல்ல பதிவர்கள் சிலர் தவறு நேர்ந்தால் பழைய வரியை அழிக்காமல் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுவார்கள். சத்தமில்லாமல் மாற்றிவிட்டு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பதைவிட அது ஆயிரம் மடங்கு யோக்கியம். ஒப்புக்கொள்கிறேன். இன்றும் பல இடங்களில் கட்டுரை இரவோடு இரவாகத் திருத்தப்படுகிறது, காலையில் எதிர்வினை எழுதியவர்தான் முட்டாளாகிறார். ஆனால் அந்தப் பதிவர்கள் பெரும்பாலும் கோட்டோடு நிறுத்தவில்லை. கீழே தேதி போட்டு, இன்னார் சுட்டிக்காட்டினார், திருத்திவிட்டேன் என்று எழுதினார்கள். யோக்கியம் அந்த வரியில் இருந்தது. அந்த வரி மட்டும் போதும், கோடு இல்லாமலே.

இன்னொன்று என் தொழிலிலிருந்தே வரும். நிரலில் பழைய வரிகளைக் கமென்ட் போட்டு மூடிவைப்பது எங்களுடைய நடுக்கோடு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அதற்காகத் திட்டு வாங்கியவன் நான். "அழிச்சுடு, கிட்ல இருக்கும்" என்பார்கள். யார் எந்த வரியை எப்போது நீக்கினார் என்று கிட் என்றைக்கும் வைத்திருக்கும், அதனால் கோப்பு சுத்தமாக இருக்கலாம். எங்களுக்கு இது பழகிவிட்டது. ஆனால் அதே ஆட்கள், நான் உட்பட, நிரலை மூடிவிட்டு வேர்டைத் திறந்ததும் கோடு கோடாகப் போடுகிறோம். ஏன் என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். நிரலை நீக்கினால் நிரல் கோபித்துக்கொள்ளாது. ஆவணத்தில் நான் அடிப்பது மேலாளர் எழுதிய வரி. நீக்கினால் ஏன் நீக்கினாய் என்பார். டிராக் சேஞ்சஸில் நீக்கினால் என் பெயர் அங்கேயே சிவப்பில் நிற்கும். நடுக்கோடு போட்டால் யாரோ போட்டதுபோல இருக்கும், அவரே பார்த்துப் புரிந்து அவரே நீக்கிக்கொள்வார். அடுத்தவர் எழுத்துக்கு மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததற்குப் பின்னால் இருந்தது இந்தப் பயம்தான். எதிராளி நல்லவராக இருந்தால்கூட.

என் ஆவணங்களில் இப்போது நடுக்கோடு இல்லை. கூகுள் டாக்ஸில் பென்சில் பொத்தானைத் தட்டி 'சஜஸ்டிங்' நிலைக்கு மாறிவிட்டுத்தான் அடுத்தவர் வரியில் கை வைக்கிறேன். முதல் மாதம் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். ஒருவர் நேராகவே வந்து, ஏன் என் பத்தியைத் தூக்கினாய் என்று கேட்டார். அரை மணி நேரம் பேசினோம். பத்தி திரும்பி வந்தது, பாதியாக.

தோழிக்கு இப்போது வேறிடத்தில் வேலை கிடைத்துவிட்டது. ஜூலைக் கதைக்குப் பிறகு என்விடிஏ-வின் ஆவண அமைப்புகளுக்குப் போய், எழுத்துப் பண்புகளையும் படிக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். காது வலித்தாலும் பரவாயில்லையாம். புது வேலையில் மூன்றாவது நாள் ஒரு டிசைன் டாக்குமென்ட்டைக் கொடுத்திருக்கிறார்கள், நாற்பது பக்கம். மத்தியானம் எனக்குப் போன் செய்தாள்.

"ஆறாவது பக்கத்துல இருக்கேன். கோடு, கோடு முடிஞ்சுது, கோடு, கோடு முடிஞ்சுதுன்னு காலைல இருந்து ஓதிட்டே இருக்கு. உனக்கு அனுப்பி வைக்கிறேன், இதுல எதெல்லாம் மிச்சம்னு மட்டும் பாத்துச் சொல்றியா?"